பௌத்தமும் இந்து மதமும்: மும்பைத் தமிழர்கள் விடாமல் கேட்கும் கேள்விகள்

டிசம்பர் முதல் வாரத்தில் தாதர் ஸ்டேஷன் வழியாகப் போய்வருகிறவர்களுக்குத் தெரியும், பிளாட்பாரம் முழுக்க வெள்ளைச் சேலையும் நீலக் கொடியுமாக இருக்கும். இந்து மதத்தை விட்டுப் பௌத்தம் தழுவி, 1956 டிசம்பர் 6-ஆம் தேதி டெல்லியில் காலமான அம்பேத்கரின் உடல் மறுநாள் தகனமான இடம்தான் சிவாஜி பார்க் கடற்கரையோரம் இருக்கிற சைத்யபூமி. அங்கே கூட்டம் கூடும் அந்த வாரத்தில், மாடுங்கா, சயான், தாராவி, செம்பூர் பக்கத்துத் தமிழர்களிடமிருந்து பௌத்தம் பற்றிய சந்தேகங்களும் கூட்டமாகக் கிளம்பும். வருடா வருடம் அதே கேள்விகள். எழுதி வைத்துவிட்டால் எனக்கும் தொண்டைத் தண்ணி மிச்சம். கேட்டவர்கள் வாயில் வந்தபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

புத்தரும் இந்துவாப் பொறந்தவர்தானே? அப்புறம் எப்படி அது தனி மதம் ஆச்சு?

முதலில் வருவது எப்போதும் இதுதான். புத்தர் பிறந்தது சாக்கியர் குலத்தில், இன்றைய நேபாளத்தில் இருக்கும் லும்பினியில். அந்தக் காலத்தில் 'இந்து மதம்' என்று ஒரே பெயரில் ஒரே மதம் கிடையாது. ஒரு பக்கம் வேதமும் வேள்வியும் இருந்தன. இன்னொரு பக்கம் வேள்வியை ஏற்காமல், வீட்டைத் துறந்து, ஊர் ஊராகப் போய் வாதம் செய்த துறவிகள் இருந்தார்கள். சமணர், ஆசீவகர், பௌத்தர் எல்லாம் அந்தக் கூட்டத்தில் கிளைத்தவர்கள். இன்று நாம் இந்து மதம் என்றதும் நினைத்துக்கொள்கிற கோயில், ஆகமம், பக்திப் பாடல், புராணம் எல்லாம் பெரும்பாலும் புத்தருக்குப் பிறகு வளர்ந்தவை. ஆகவே ஒரு மதத்தில் பிறந்து அதிலிருந்து பிரிந்து போனார் என்ற படமே சரியில்லை.

இது நம் ஆட்களுக்குப் புதிய விஷயமும் இல்லை. மணிமேகலைக் காப்பியத்தின் 27-ஆவது காதையில் மணிமேகலை வஞ்சி நகருக்குப் போய் ஒவ்வொரு சமயவாதியிடமும் 'உங்கள் கொள்கை என்ன' என்று கேட்கிறாள். சைவவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகன், நிகண்டன், சாங்கியன், வைசேடிகன், பூதவாதி என்று தனித்தனியாக வந்து பதில் சொல்கிறார்கள். ஒருவர்கூடத் தன்னை 'இந்து' என்று சொல்லிக்கொள்ளவில்லை.

சரி, ரெண்டுக்கும் பொதுவா என்னதான் இருக்கு?

நிறைய இருக்கிறது, குழப்பமே அதனால்தான் வருகிறது. வினை, மறுபிறவி, பிறவிச் சுழலிலிருந்து விடுதலை, தியானம், துறவு, கொல்லாமை எல்லாம் இரண்டு பக்கமும் உண்டு. பூப்போட்டு விளக்கேற்றுவது, வலம் வருவது, அரசமரத்தைப் புனிதமாக நினைப்பது, தாமரை எல்லாமே பொது. பௌத்தரின் பழைய பாலி மொழி நூல்களில் இந்திரனும் பிரம்மாவும் அடிக்கடி வருகிறார்கள். ஞானம் அடைந்தபின் போதிக்கத் தயங்கிய புத்தரை, உலகத்துக்குச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டதே பிரம்மாதான் என்பது அவர்கள் கதை.

அப்போ வித்தியாசம்? ஒரே வரியில சொல்லுங்க.

ஒரே வரியில் முடியாது, மூன்று வரியில் சொல்கிறேன். நிலையான ஆத்மா என்று ஒன்று இல்லை என்கிறது பௌத்தம். உலகைப் படைத்து நடத்தும் கடவுளைச் சார்ந்து அதன் வழி அமையவில்லை. வேதத்தை இறுதிச் சான்றாக அது ஏற்பதில்லை.

மூன்றாவதைப் பலர் சாதாரணமாக விட்டுவிடுகிறார்கள், ஆனால் பழைய காலத்தில் கோடு கிழித்ததே அதுதான். வேதச் சடங்குகளை ஆராய்ந்த மீமாம்சைக்காரர்களும் படைப்புக் கடவுளை ஏற்கவில்லை. ஆனால் வேதத்தை ஏற்றார்கள், அதனால் 'உள்ளே' இருந்தார்கள். பௌத்தரும் சமணரும் ஏற்கவில்லை, அதனால் 'வெளியே' என்று கணக்கு.

ஆத்மாவே இல்லைன்னா மறுபிறவி எடுக்கறது யாரு? அடிப்படையே இடிக்குதே!

நல்ல கேள்வி. இந்தப் பக்கத்தில் உள்ளதிலேயே நல்ல கேள்வி இதுதான் என்பேன். சுமார் 2,000 வருடங்களுக்கு முன்பே இதைக் கேட்டிருக்கிறார்கள். கிரேக்க அரசன் மிலிந்தனுக்கும் நாகசேனர் என்ற பிக்குவுக்கும் நடந்த உரையாடலாக எழுதப்பட்ட மிலிந்த பஞ்ஹாவில் அரசன் இதையே கேட்கிறான். ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்றினால் முதல் விளக்கிலிருந்து எதுவாவது கிளம்பி அதற்குள் போகிறதா என்று நாகசேனர் திருப்பிக் கேட்கிறார். போகவில்லை. ஆனாலும் முதல் விளக்கு இல்லாமல் இரண்டாவது எரிந்திருக்காது. பிறவியும் அப்படித்தான், ஒரு பொருள் இடம் மாறுவதில்லை, காரண காரியத் தொடர் அறுபடாமல் போகிறது என்பது அவர் பதில்.

கீதை சொல்வது வேறு. பழைய துணியைக் களைந்துவிட்டுப் புதுத்துணி உடுத்துவதுபோல் ஆத்மா உடலை மாற்றுகிறது என்கிறது அது. சைவ சித்தாந்தத்தில் பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (தளை) மூன்றுமே அனாதி, உயிருக்குத் தொடக்கமும் இல்லை, அழிவும் இல்லை. பௌத்தம் உடல், உணர்ச்சி, அறிதல், மன இயக்கங்கள், உணர்வு என்று ஐந்து கந்தங்களை, அதாவது மனிதனை ஆக்கும் கூறுகளைப் பிரித்துக் காட்டி, இதில் எது 'நான்', எல்லாமே மாறிக்கொண்டிருக்கிறதே என்று கேட்கிறது.

வினைக்கும் அதே கணக்குதான். மனத்தின் நோக்கமே வினை என்று புத்தர் சொன்னதாக அங்குத்தர நிகாயம் என்ற பாலி நூல் பதிவு செய்கிறது. தெரியாமல் எறும்பை மிதித்தால் கொலைப்பாவம் சேர்வதில்லை. சடங்கைச் சரியாகச் செய்வதால் வரும் பலன் என்ற யோசனைக்கும் அங்கே பெரிய இடமில்லை. முழுக்கப் பிடிபடவில்லையே என்று நீங்கள் சொன்னால் எனக்கு ஆச்சரியமில்லை. இரண்டு பக்கத்து அறிஞர்களும் ஆயிரம் வருடத்துக்கு மேல் இதை வைத்துத்தான் மோதியிருக்கிறார்கள்.

அப்போ புத்தர் நாத்திகரா? பெரியார் மாதிரியா?

இல்லை. தேவர்கள் இருப்பதை அவர் மறுக்கவில்லை. தேவர்களும் பிறந்து இறக்கிறவர்கள்தான், உங்களை விடுவிக்க அவர்களால் முடியாது என்றார். தீக நிகாயம் என்ற பாலி நூலில் ஒரு குறும்புக் கதை உண்டு. உலகம் மறுபடி உருவாகும்போது காலியாகக் கிடந்த ஒரு லோகத்தில் முதலில் ஒருவர் தோன்றுகிறார். தனியாக இருந்து அலுத்துப்போய், துணைக்கு யாராவது வந்தால் தேவலையே என்று நினைக்கிறார். அந்த நேரம் பார்த்து வேறு சிலர் தங்கள் வினைப்படி அங்கே பிறக்கிறார்கள். 'நான் நினைத்தேன், வந்துவிட்டார்கள், ஆகவே நான்தான் படைத்தேன்' என்று அவர் நம்பிவிடுகிறார், பின்னால் வந்தவர்களும் நம்பிவிடுகிறார்கள். படைப்புக் கடவுள் என்ற எண்ணத்துக்கு இப்படி ஒரு விளக்கம் வேறு எங்கும் நான் படித்ததில்லை.

நடைமுறையில் மகாயான (சீனா, ஜப்பான் பக்கம் பரவிய பௌத்தப் பிரிவு) நாடுகளில் போதிசத்துவர்களை (புத்தராகும் பாதையில் இருந்துகொண்டு பிறருக்கு உதவுகிறவர்கள்) வேண்டிக் கும்பிடுவது நம் கோயில் வழிபாட்டுக்கு மிக அருகில்தான் இருக்கிறது. கொள்கை ஒன்று, கும்பிடும் கை இன்னொன்று. எல்லா மதத்திலும் இது உண்டு.

மோட்சமும் நிர்வாணமும் ஒண்ணுதானே?

இரண்டும் பிறவிச் சுழல் முடிகிற இடம், அது வரைக்கும் ஒன்று. அங்கே என்ன இருக்கிறது என்பதில் பிரிகிறார்கள். அத்வைதிக்கு ஆத்மாவும் பிரம்மமும் ஒன்றென்று அறிவது. வைணவருக்கு வைகுண்டத்தில் நாராயணனுக்குக் கைங்கரியம். சைவருக்குச் சிவனடி நிழல். பௌத்தருக்கு ஆசை, வெறுப்பு, மயக்கம் மூன்றும் அணைந்துபோவது. இந்துப் பக்கத்திலேயே மூன்று பதில் இருப்பதைக் கவனியுங்கள். 'இந்து மதம் என்ன சொல்கிறது' என்று ஒருமையில் கேட்டாலே நான் கொஞ்சம் தயங்குவது இதனால்தான்.

வழியிலும் பெரிய வேறுபாடு உண்டு. பக்தி மார்க்கத்தில் அருள் இல்லாமல் நடக்காது, அவன் அருளாலே அவன் தாள் வணங்கி என்பதுதான் நம் பாட்டு. தேரவாத பௌத்தத்தில் (இலங்கை, தாய்லாந்து பக்கம் வழங்கும் பழைய பிரிவு) புத்தர் வழியைக் காட்டுவார், நடக்க வேண்டியது நீங்கள்.

தசாவதாரத்துல புத்தர் ஒன்பதாவதா இருக்காரே? எங்க வீட்டு காலண்டர்லயே போட்டிருக்கு!

காலண்டர் மும்பையில் அச்சானதாக இருக்கும். வட இந்திய வரிசையில் புத்தர் உண்டு. பாகவத புராணத்தில் அந்தக் குறிப்பு இருக்கிறது, 12-ஆம் நூற்றாண்டு ஜெயதேவரும் பாடியிருக்கிறார். தமிழ்நாட்டு வைணவ வரிசையில் பொதுவாக அவர் கிடையாது, பலராமன்தான் இருப்பார். சந்தேகமிருந்தால் ஊருக்குப் போகும்போது பெருமாள் கோயில் தூண்களைப் பாருங்கள்.

சில புராணங்களில் இந்த அவதாரத்துக்குச் சொல்லும் காரணம், அசுரர்களை வேத வழியிலிருந்து மயக்கித் திருப்பிவிட வந்தார் என்பது. அதைப் படித்துவிட்டு ஒரு பௌத்தர் சந்தோஷப்படுவார் என்று நாம் எதிர்பார்க்க முடியாது. 1956-இல் பௌத்தம் தழுவியபோது எடுக்க அம்பேத்கர் வகுத்த 22 உறுதிமொழிகளில் ஐந்தாவது, புத்தரை விஷ்ணுவின் அவதாரம் என்று நம்பமாட்டேன் என்பதுதான். பக்கத்து வீட்டுக்காரரிடம் பாசமாக 'உங்க புத்தரும் எங்க பெருமாளோட அவதாரம்தானே' என்று சொல்லாதீர்கள். உங்களுக்கு அது அன்பு, அவருக்கு அது விழுங்கப் பார்ப்பது.

பௌத்தர்கள் சுத்த சைவம்தானே? எங்க பில்டிங்ல பௌத்தர் வீட்ல பொம்பில் மீன் வறுக்கற வாசனை வருதே?

வரட்டுமே. தனக்காகக் கொன்றதைத் தான் பார்க்கவில்லை, கேள்விப்படவில்லை, சந்தேகமும் இல்லை என்றால் பிச்சையில் விழும் இறைச்சியைப் பிக்கு உண்ணலாம் என்பது புத்தர் வைத்த விதி. பிக்குகள் எல்லாரும் சைவமாக இருந்தே ஆகவேண்டும் என்று புத்தரின் உறவினரான பிக்கு தேவதத்தன் கேட்டபோது அவர் மறுத்துவிட்டார். சீன மகாயானத் துறவிகள் மரக்கறிதான். இலங்கையில் மீனும் திபெத்தில் இறைச்சியும் சகஜம். இந்துக்களிலும் பாதிக்கு மேல் அசைவம் என்பது தாராவி மார்க்கெட்டில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நின்று பார்த்தால் தெரியும்.

பௌத்தத்துல சாதியே கிடையாதா?

கொள்கையில் கிடையாது. பிறப்பால் யாரும் இழிந்தவனும் இல்லை, பிராமணனும் இல்லை, செயலால்தான் என்று வசல சுத்தம் என்ற புத்தர் உரை நேராகவே சொல்கிறது. நாவிதரான உபாலிக்குச் சாக்கிய இளவரசர்களுக்கு முன்பாகத் துறவு கொடுத்தார்கள், அவர் மூத்தவர் ஆகிவிட்டதால் இளவரசர்கள் அவரை வணங்க வேண்டியிருந்தது. அதே சமயம், புத்தர்கள் சத்திரிய, பிராமணக் குலங்களில் மட்டுமே பிறப்பார்கள் என்றும் பிற்காலப் பௌத்த நூல் சொல்கிறது. இலங்கையின் சியாம் நிகாயம் என்ற துறவிகள் பிரிவில், அங்கே உயர்ந்ததாகக் கருதப்படும் கொவிகம சாதியினருக்கு மட்டும்தான் துறவு. மனிதர்கள் எங்கே போனாலும் சாதியைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

இந்துப் பக்கத்திலும் எதிர்ப்புக் குரல்கள் உண்டு. இந்த மகாராஷ்டிரத்திலேயே தீண்டப்படாதவர் என்று ஒதுக்கப்பட்ட சாதியில் பிறந்த சொக்காமேளா இருந்தார். பண்டரிபுரத்து விட்டலனைப் பாடியவரைக் கோயிலுக்குள் விடவில்லை, அவர் சமாதி வாசலில்தான் இருக்கிறது. நம் நந்தனார் கதை தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. தீண்டப்படாதோர் பற்றி 1948-இல் வெளியிட்ட நூலை நந்தனார், ரவிதாஸ், சொக்காமேளா மூவரின் நினைவுக்குத்தான் அம்பேத்கர் சமர்ப்பித்தார். ஒருவர் தமிழர், ஒருவர் வடக்கத்தியர், ஒருவர் மராத்தியர். மூன்று பேரும் உள்ளே இருந்து கதவைத் தட்டியவர்கள். அம்பேத்கர் வெளியே போவதென்று தீர்மானித்தார்.

தாய்லாந்துல பௌத்தர்களே பிள்ளையாரைக் கும்பிடறாங்க. இங்க மராத்தி பௌத்தர்கள் மட்டும் ஏன் கணபதிக்கு வரமாட்டேங்கறாங்க?

பாங்காக்கில் எரவான் கோயிலில் பிரம்மாவுக்கு மாலை விழுகிறது, இலங்கையில் கதிர்காமத்துக்குச் சிங்களப் பௌத்தர்கள் காவடி எடுக்கிறார்கள். அங்கே அவர்களுக்கு இந்து தெய்வங்களோடு பழைய கணக்கு எதுவும் இல்லை. இங்கே கதை வேறு. 1956 அக்டோபர் 14-இல் நாக்பூரில் அம்பேத்கரும் லட்சக்கணக்கானவர்களும் தீட்சை பெற்றபோது, பழைய மதத்தை விட்டு விலகுவதே அந்த நாளின் முக்கியப் பகுதி. 22 உறுதிமொழிகளில் பிரம்மா, விஷ்ணு, மகேசுவரனை வணங்கமாட்டேன், கௌரி கணபதியை வணங்கமாட்டேன், சிராத்தம் செய்யமாட்டேன், பிராமணரை வைத்துச் சடங்கு நடத்தமாட்டேன் என்று வரிசையாக வருகிறது. 2011 கணக்கெடுப்புப்படி இந்தியாவில் உள்ள சுமார் 84 லட்சம் பௌத்தர்களில் 65 லட்சம் பேர் மகாராஷ்டிரத்தில். ஆக, மும்பையில் உங்களுக்கு அறிமுகமாகும் பௌத்தர் பெரும்பாலும் இந்த வழியில் வந்தவர்தான்.

எல்லாரும் ஒரே கண்டிப்போடு இருப்பதில்லை. கணபதி ஊர்வலத்தில் ஆடும் பௌத்தப் பையன்களையும் பார்க்கலாம். ஆனால் ஒருவர் பிரசாதம் வேண்டாம் என்றால் திமிர் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், அவர் தாத்தா கொடுத்த வாக்கு அது.

நாம தமிழங்க. நமக்கும் பௌத்தத்துக்கும் என்ன சம்பந்தம்?

முதல் பதிலில் மணிமேகலையைச் சொன்னேன். குண்டலகேசியும் பௌத்தக் காப்பியம்தான், பாடல்கள் கொஞ்சமே மிஞ்சியிருக்கின்றன. வீரசோழியம் என்ற இலக்கண நூலை எழுதிய புத்தமித்திரர் பௌத்தர். நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய அரசன் கட்டிய சூடாமணி விகாரத்துக்கு, சைவனான ராஜராஜ சோழன் ஆனைமங்கலம் ஊரின் வருவாயைக் கொடுத்தான். சேலத்தில் தலைவெட்டி முனியப்பன் என்று கும்பிட்டு வந்த சிலை புத்தர் சிலைதான் என்று தொல்லியல் துறை அறிக்கையை வைத்து 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது.

அம்பேத்கருக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, 1898-இல் அயோத்திதாசர் சென்னை ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழ். கோலார் தங்கவயல் தமிழர்களிடம் அந்த இயக்கம் நன்றாக வேர்விட்டது. இந்தப் பெயரைத் தாராவியில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளில் பலர் கேள்விப்பட்டதே இல்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

குழந்தைகளைக் கூட்டிட்டுப் போய்க் காட்ட மும்பைல ஏதாவது இருக்கா?

போரிவலி தேசியப் பூங்காவுக்குள் கன்ஹேரி. நூற்றுக்கும் மேற்பட்ட குடைவரைகள், சுமார் ஆயிரம் வருடம் பிக்குகள் வாழ்ந்த இடம். மூன்றாம் எண் குகையின் முன்மண்டபத்தில் இரண்டு பக்கமும் ஆளுயரத்தைப்போல் நாலு மடங்கு புத்தர் நிற்கிறார். ஆனால் நான் பிள்ளைகளைக் கூட்டிப்போனால் முதலில் காட்டுவது சின்ன அறைகளைத்தான். சுவரோரம் பாறையிலேயே விட்டுவைத்த படுக்கைத் திண்ணை, வாசல் பக்கம் மழைநீர் வந்து விழும் தொட்டி, தொட்டிக்குத் தண்ணீர் கொண்டுவரப் பாறையில் வெட்டிய விரலகல வாய்க்கால். ஜூலையில் போனால் அந்த வாய்க்கால் இன்றும் வேலை செய்வதைப் பார்க்கலாம். 41-ஆம் குகையில் பதினொரு தலை அவலோகிதேசுவரர் என்ற போதிசத்துவர் இருக்கிறார், மகாயான வழிபாடு என்று மேலே சொன்னதற்கு அவரே சாட்சி.

இன்னொரு நாள் கேட்வேயிலிருந்து படகு ஏறி எலிபண்டா. அங்கே சிவன், மூன்று முக மகேசமூர்த்தி. அதே தீவின் கிழக்குக் குன்றில் ஒரு பழைய பௌத்த ஸ்தூபத்தின் மேடும் இருக்கிறது.

கோராய் பகோடால விபாசனா போனா மதம் மாறின மாதிரியா?

இல்லை. விபாசனா என்பது பௌத்தத் தியான முறை. அதைக் கற்றுத்தரும் கோயங்கா மரபில் 10 நாள் வகுப்புக்கு மதம் கேட்பதில்லை. ஆனால் அந்த 10 நாளும் பூஜை, ஜபம், மாலை எல்லாவற்றையும் நிறுத்தி வைக்கச் சொல்வார்கள். அது முடியாது என்றால் போகாதீர்கள், நடுவில் கிளம்புவது எல்லாருக்கும் சிரமம்.

சங்கரரையே 'மறைமுக பௌத்தர்'னு திட்டினாங்களாமே? அப்போ அத்வைதமும் சூனியவாதமும் ஒண்ணா?

திட்டியது உண்மை, திட்டியவர்களும் வேதாந்திகள்தான். சங்கரரின் குருவுக்குக் குரு கௌடபாதர், அவருடைய காரிகையில் பௌத்தச் சொற்களும் வாத முறையும் நிறையவே உண்டு. உலகம் தோற்றம், உண்மையில் இரண்டு நிலை என்று பேசும் விதம் சூனியவாதத்தை வகுத்த பௌத்தர் நாகார்ஜுனரை நினைவூட்டும். ஆனால் கடைசிப் படியில் கைபிரிகிறார்கள். தோற்றத்தை எல்லாம் விலக்கினால் மிஞ்சுவது பிரம்மம் என்பார் சங்கரர். அப்படி மிஞ்சும் ஒரு தனிப்பொருளைத் தேடாதே என்பார் நாகார்ஜுனர். சங்கரர் பௌத்தத்தை எதிர்த்துப் பிரம்மசூத்திர பாஷ்யத்தில் கடுமையாகவே எழுதியிருக்கிறார்.

சட்டப்படி பௌத்தர்கள் இந்துவா, இல்லையா? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

இரண்டும் சரி, எந்தச் சட்டம் என்பதைப் பொறுத்தது. 1955 இந்து திருமணச் சட்டமும் 1956 இந்து வாரிசுரிமைச் சட்டமும் பௌத்தர், சமணர், சீக்கியருக்கும் பொருந்தும். அரசியல் சட்டத்தின் 25-ஆவது பிரிவின் விளக்கத்திலும் அப்படியே. ஆனால் சிறுபான்மையினர் பட்டியலில் பௌத்தம் தனி மதம், 1993-லிருந்து. பட்டியல் சாதியினர் பௌத்தரானால் அந்தத் தகுதி போகாது என்பது 1990 திருத்தத்தில் வந்தது, அதற்கு முன் போய்க்கொண்டிருந்தது. தமிழ்நாட்டிலிருந்து குடியேறியவர்களுக்கு இன்னொரு சிக்கல், ஊர்ச் சாதிச் சான்றிதழ் மகாராஷ்டிர அரசின் ஒதுக்கீட்டுக்குச் செல்லாது. அதற்கும் மதத்துக்கும் சம்பந்தமில்லை.

என் பொண்ணு மராத்தி பௌத்தப் பையனைக் கட்டிக்கப் போறா. கல்யாணத்தை எந்த முறைல வைக்கறது?

வாழ்த்துகள். மேலே சொன்ன சட்டப்படி இருவருமே இந்து திருமணச் சட்டத்துக்குள் வருவதால், இருவரில் ஒருவர் வழக்கப்படி நடத்தினால் போதும். சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவதென்றால் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும்.

பௌத்த முறை நேரம் பிடிக்காது. மேடையில் புத்தர், அம்பேத்கர் படங்கள், மெழுகுவத்தி, ஊதுபத்தி. திரிசரணமும் (புத்தர், தம்மம், சங்கம் மூன்றிடமும் சரணம்) பஞ்சசீலமும் (ஐந்து ஒழுக்க உறுதிகள்) சொல்வார்கள், மணமக்கள் உறுதிமொழி எடுத்து மாலை மாற்றுவார்கள். ஹோமம் கிடையாது. நம் ஊர்ச் சுயமரியாதைத் திருமணம் பார்த்தவர்களுக்கு அந்நியமாகத் தெரியாது. மணப்பெண்ணுக்கு வெள்ளைச் சேலை எடுப்பார்கள், நம் வீட்டுப் பாட்டிகள் அதற்குத்தான் முகம் சுளிப்பார்கள். ஜரிகைக் கரை போட்ட வெள்ளைப் பட்டு என்று முன்கூட்டியே சொல்லிச் சமாளித்த வீடுகள் உண்டு. மங்கல்சூத்ரா கட்டும் பௌத்த வீடுகளும் இருக்கின்றன, எனவே தாலி பற்றி நேராகவே கேட்டுவிடுங்கள். சாஸ்திரிகளை வைத்து இன்னொரு முறை காலையில் நடத்தலாமா என்பதுதான் பெரிய தகராறு ஆகும். அந்த உறுதிமொழிகளில் அதற்கு இடமில்லை என்று மேலேயே பார்த்தோம், பையன் ஒத்துக்கொண்டாலும் அவன் அம்மா ஒத்துக்கொள்ளாமல் போகலாம். மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பே இதைப் பேசி முடித்துவிடுங்கள்.